கோழிகள் கேட்ட கவிதை

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், “காலேஜில் இங்கிலீஷ் எம்.ஏ. நடத்துகிறேன்” என்று நீங்கள் இன்னும் சொல்லிப் பார்க்கவில்லையென்றால், சீக்கிரமே சொல்வீர்கள். சொன்னதும் ஒரு கேள்வி வரும். “ஏனுங்க, ரெண்டு வருசமும் இங்கிலீசேதானுங்களா? அப்படி என்னத்தைங்க படிக்கறாங்க அதுல?”

என் பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்வி என்னோடு பயணம் செய்தது. கேட்பவர் இறங்கும் ஊரைப் பொறுத்துப் பதிலை அளந்து வைத்திருந்தேன். சேலம் வரைக்கும் வருகிறவர் என்றால் கொஞ்சம் விரிவாகச் சொல்வேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவர் என்றால், “கதை, கவிதை, நாடகமுங்க” என்று முடித்துவிடுவேன். “கதை படிக்கறதுக்கு எதுக்குங்க காலேஜு?” என்று அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அதே கேள்வியை நானும் பல மத்தியானங்களில் என்னிடமே கேட்டிருக்கிறேன்.

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் போன வாரம் வீடு தேடி வந்து, அனுபவத்தைச் சொல்லுங்கள் மேடம் என்றீர்கள். பாடத்திட்டத்தை எப்படிக் காலத்தோடு முடிப்பது, கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களை எப்படி எழுப்புவது என்றெல்லாம் கேட்டீர்கள். முதலாவது உங்களுக்கே பழகிவிடும். இரண்டாவது விஷயத்தில், எழுப்பவே வேண்டாம் என்பது என் கட்சி. வெயில் காலத்து மத்தியானத்தில் பாதித் தூக்கத்தில் கேட்ட கவிதை சில பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்க நின்றிருக்கிறது. முழு விழிப்போடு குறிப்பெடுத்தவர்கள் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்திருக்கிறார்கள்.

நம் பாடங்கள் உங்களுக்குத் தெரியும். பல நூற்றாண்டுக் கவிதைகள், நாடகங்கள், நாவல்கள். அவற்றை எப்படிப் படிப்பது என்று சண்டை போடும் விமர்சனக் கோட்பாடுகள். மொழியியல், மொழிபெயர்ப்பு, நம் நாட்டவர் ஆங்கிலத்தில் எழுதியது, ஆப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் எழுதியது, பெண்கள் எழுதியது. கடைசியில் ஓர் ஆய்வேடு. ஊருக்கு இதெல்லாம் தெரியாது. இங்கிலீஷ் எம்.ஏ. என்றால் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து நீட்டுவது மருந்துப் பெட்டியும், தீவனம் அரைக்கும் புது மெஷினோடு வந்த குறிப்புப் புத்தகமும்தான். அதில் இருக்கும் பாதி வார்த்தைகள் நமக்கே தெரியாது. தெரியவில்லை என்று சொன்னால், அப்புறம் என்னத்தைப் படித்தாய் என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளாத பிள்ளை நம் துறையில் இருந்ததில்லை.

நான் நடத்திய வகுப்பறையின் ஜன்னலுக்கு வெளியே குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளிச் செடிகள் ஆளுயரம் நிற்கும். அதற்கு அப்பால் மலை நீலமாகத் தெரியும். வெயில் ஏற ஏற மலை மங்கிக்கொண்டே போய், மத்தியானத்துக்கு மேல் அது இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாகிவிடும். உள்ளே நான் பனி விழும் கவிதை ஒன்றை நடத்திக்கொண்டிருப்பேன். வானத்திலிருந்து பனி கொட்டுவதை நான் பார்த்ததில்லை, பிள்ளைகளும் பார்த்ததில்லை. ஃபேன் சுற்றும் சத்தத்தைக் கேட்டபடி, தெரியாத ஊரின் தெரியாத பனியில் எல்லோரும் சேர்ந்து நடந்துகொண்டிருப்போம். மணி அடித்ததும் யாரோ தட்டி எழுப்பியது போல விழித்து டிபன் பாக்ஸைத் தேடுவோம். என் வேலையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த அரைத் தூக்கம்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் சந்தோஷமாக இருந்த இடம் அது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது துறைத்தலைவராக இருந்தவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, கவிதையைக் கண்ணால் மட்டும் படிக்கக் கூடாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று பிள்ளைகள் தயங்கினால், திருப்பிப் பேசாத எதனிடமாவது போய்ச் சொல் என்பார். தென்னை மரம், எருமை, கிணறு, எதுவானாலும் அவருக்குச் சம்மதம்.

மற்றொன்று, ஆசிரியர் அவசரப்பட்டு அர்த்தம் சொல்லக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு வரி படிப்பேன், உடனே தமிழில் அர்த்தம் சொல்வேன். அடுத்த வரி, அடுத்த அர்த்தம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் அப்போதும் இப்போதும் அதுதான் வழக்கம். ஒருநாள் அவர் பின் வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் சொன்னார்: “வாழைப்பழத்தை உரிச்சு வாயிலயே வெச்சுட்டீங்கம்மா. அவங்களுக்குக் கை எதுக்கு இருக்கு? யார் பேசறாங்க, யாருகிட்டப் பேசறாங்க, அதுக்கு முன்னால என்ன நடந்திருக்கும், இதை மட்டும் கேட்டுட்டுப் பேசாம நில்லுங்க. அர்த்தம் தானா வரும்.”

பேசாமல் நிற்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். வருஷா வருஷம் என் பிள்ளைகள் எருமையிடமும் மோட்டார் ரூமிடமும் ஆங்கிலக் கவிதை சொன்னார்கள். வெண்ணந்தூர்ப் பையன் ஒருவன் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முன்னால் நின்று சொல்வான். “தறிச் சத்தத்துல நான் சொல்றது எனக்கே கேக்காதுங்க மேடம். அதனால கூச்சமே இல்லை” என்றான். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவன் நாக்கு திருந்தியது.

இந்தப் பழக்கத்தால் ஒரு பெண்ணின் படிப்பு கையை விட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்தைய காலம். அப்போது துறைத்தலைவர் நான்தான். மேகலா, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். தோட்டத்துக்குள்ளேயே வீடு, வீட்டை ஒட்டி நீள நீளமான கோழி ஷெட்டுகள். திருப்பிப் பேசாதவர்களுக்கு அவளிடம் பஞ்சமே இல்லை, ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். “நான் ஆரம்பிச்சதும் எல்லாக் கோழியும் ஒருக்கா அமைதியாயிரும் மேடம். தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பாக்கும். ரெண்டாவது பத்தி வாரப்பத் திருப்பியும் கத்த ஆரம்பிச்சுருமுங்க” என்று ஒருநாள் வகுப்பில் சொன்னாள். விமர்சகர்களும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவள் அதிகம் பேசும் பெண் இல்லை. பாதி நேரம் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அந்தச் சாதிதான் என்பதால் அவளைத் தொந்தரவு செய்ததில்லை.

இரண்டாம் ஆண்டின் கடைசிப் பருவத்தில் நான் ஒரு வேலை கொடுப்பேன். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதியதைப் படித்தீர்கள், இப்போது நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதுங்கள், பதில் சொல்ல முடியாத ஒருவரிடம் பேசுவதாக அது இருக்கட்டும் என்பேன். அந்த வருஷம் ஒருவன் தன் ஊரில் நிற்காமல் போகும் பேருந்திடம் பேசினான். ஒருத்தி வராத மழையிடம் பேசினாள். மேகலா மட்டும் எதுவும் தரவில்லை. கேட்டால், “இன்னும் முடியலீங்க மேடம்” என்பாள். சரி, முடியும்போது முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை, முதல் மணி அடித்த சிறிது நேரத்தில், துறை அறை வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு இருவர் உள்ளே வந்தார்கள். மேகலாவின் அப்பாவும் சித்தப்பாவும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சித்தப்பா உட்காரவில்லை. அவர்களுக்குப் பின்னால் மேகலா வந்து சுவரோரம் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. தோளில் பை இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவள் வகுப்புக்கு வரவில்லை என்று எனக்குப் புரிந்தது.

“டி.சி. வாங்கிட்டுப் போலாம்னு வந்தோமுங்க” என்று சித்தப்பா ஆரம்பித்தார். “மாப்பிள்ளை பாத்தாச்சு. வைகாசியில முடிச்சுரலாம்னு இருக்கறோம்.”

“பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானுங்களே. எழுதிட்டா டிகிரி வந்துரும்.”

“டிகிரி வருமுங்க. அதுவரைக்கும் புள்ள ஊட்டுல இருக்குமாங்கறதுதான் கேள்வி.”

அவர் சொன்னதன் சுருக்கம் இது. கொஞ்ச நாளாகவே சாயங்கால வேளையில் மேகலா கடைசி ஷெட்டுக்குப் போகிறாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிப் பேசி அழுகிறாள். கேட்டால் பாடம் என்கிறாள்.

“எந்தப் பாடத்துக்குங்க ஒரு புள்ள கோழி ஷெட்டுல நின்னு அழுவும்? ஏற்கெனவே மூத்தது ஒண்ணு இப்படித்தான் போன்ல பேசிப் பேசியே...”

“தம்பி, அதை உடு” என்றார் அப்பா.

“இல்லண்ணா, அவங்களுக்கும் தெரியோணும். மூத்தவ வேற ஆளுங்களோட பையனைக் கட்டிட்டுப் போயிட்டாளுங்க. நாங்க தலை முழுகியாச்சு. அந்தப் பேரை எங்க ஊட்டுல இப்ப யாரும் எடுக்கறதில்லை. இதும் அப்படிப் போச்சுன்னா நாங்க ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியுமுங்களா?”

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். கவிதையைக் கோழியிடம் சொல்லச் சொன்னதே நான்தான் என்று சிரித்துக்கொண்டே எங்கள் துறையின் பழக்கத்தை விளக்கினேன். எருமை, தறி, மோட்டார் ரூம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் அவள் பார்த்தது பாட வரிகளாக இருக்கும் என்றேன். அப்பாவின் முகம் இளகியது. “அப்படிங்களா” என்று மகளைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா இளகவில்லை. தன் போனை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

“நான் மறைஞ்சு நின்னு எடுத்ததுங்க. கேட்டுட்டு இது எந்தப் பாடம்னு சொல்லுங்க.”

முதலில் கோழிகளின் இரைச்சல். பிறகு அது சட்டென்று அடங்கியது. அந்த அமைதிக்குள் மேகலாவின் குரல் வந்தது. நம் பக்கத்து இழுவையோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்ன ஆங்கிலம். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

நீ போனபோது உன் கூந்தல் ஈரமாக இருந்தது. உன் தட்டு இப்போது எல்லாத் தட்டுகளுக்கும் அடியில் இருக்கிறது. யாரும் இல்லாதபோது அதை உருவி எடுத்து அதில் சாப்பிடுகிறேன். பாயில் உன் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டில் உன் பெயரைப் பெருக்கி வெளியே கொட்டிவிட்டார்கள். அதனால் நான் வேறொரு மொழிக்குள் வந்து நிற்கிறேன். இங்கே நம்மை யாருக்கும் தெரியாது. இங்கே உன்னை அக்கா என்று கூப்பிடலாம்.

அதற்குப் பிறகு அழுகை. கோழிகள் மறுபடியும் கத்த ஆரம்பித்தன. பதிவு நின்றுவிட்டது.

நான் நடத்திய எந்தத் தாளிலும் அந்தக் கவிதை இல்லை. இன்னும் முடியவில்லை என்று மேகலா சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நல்ல கவிதை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த நேரத்திலும் ஆசிரியப் புத்தி போகவில்லை பாருங்கள். அடுத்த கணம் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். போனில் யாரும் இல்லை, காதலும் இல்லை. இந்தப் பெண் தன் அக்காவோடு பேசத்தான் கோழிகளிடம் போயிருக்கிறாள். அந்த அறையில் இது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

“பாடமுங்களா மேடம்?” என்று அப்பா கேட்டார்.

“பாடம்தானுங்க.”

“அப்பப் புஸ்தகத்துல எடுத்துக் காட்டுங்க” என்றார் சித்தப்பா.

“புஸ்தகத்துல இருக்காதுங்க. பிள்ளைங்களே எழுதணும்னு நான் குடுத்த வேலை. இது மேகலா எழுதினது.”

“அவளே எழுதி அவளே எதுக்குங்க அழுகோணும்?”

முதல் நாள் வகுப்பில் நாம் எல்லோரும் சொல்வோமே, கவிதையில் வரும் ‘நான்’ எழுதியவர் அல்ல என்று, அதைச் சொல்லிப் பார்த்தேன். “கூத்துல ராணி வேஷம் கட்டறவரு தலைவிரிச்சுப் போட்டு அழுவாருங்களே, அவரு வீட்டுலயா சாவு?”

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் அப்பா மெதுவாகச் சொன்னார்: “அந்த ஆளும் தனக்குன்னு ஒண்ணை நெனைச்சுத்தானுங்க அழுவாரு.”

கோட்பாட்டுத் தாளில் நாம் ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டும் இடம் அது.

“இவங்க பேசிட்டேதான் இருப்பாங்க” என்று சித்தப்பா போனை எடுத்துக்கொண்டார். “நீ இருண்ணா. நான் ஆபீசுல போயி டி.சி.க்கு என்ன பண்ணோணும்னு கேட்டுட்டு வாரேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக வராந்தாவில் நடந்து போனார்.

அவர் போகும் சத்தம் தேயும் வரை அப்பா காத்திருந்தார். பிறகு என் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். “நீங்க சொல்லுங்க மேடம். எம்புள்ள அதுல என்ன சொல்லுது? வரிக்கு வரி அர்த்தஞ் சொல்லுங்க.”

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு யோசிக்க நேரமில்லை. ஒரு பொய் அர்த்தம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. கூட்டை விட்டுப் போன குருவியை நினைத்து மரம் அழுகிறது என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். மத்தியானம் மேகலா வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். உண்மையைச் சொன்னால், எடுக்கக் கூடாத பெயரை இவளும் எடுத்தாள் என்று ஆகும். அது டி.சி.யோடு நிற்குமா, அதற்கு மேலும் போகுமா, யாருக்குத் தெரியும்? நம் பக்கத்தில் இந்த மாதிரி விஷயங்கள் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயமாக இருந்தது.

அத்தனை வருஷமும் அர்த்தம் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். அந்த அர்த்தம் என்னுடையது இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. அவள் ஒளித்து வைத்திருந்ததை அவளைக் கேட்காமல் நான் எடுத்து வெளியே போடக் கூடாது. அவள் உண்மையாக அழுததைக் குருவி என்றும் மரம் என்றும் சொல்லி அவள் எதிரிலேயே பொய்யாக்கவும் கூடாது. என்ன செய்யட்டும் என்று மேகலாவிடம் ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம், அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் மகள் பேசுவது புரியவில்லை என்றுதான் அந்த மனிதர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். மறுபடியும் ஒருமுறை அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

தமிழிலேயே சொன்னேன். “எழுதினவ பக்கத்துலயே நிக்கறப்ப நான் அர்த்தம் சொல்றது முறையில்லீங்க. அவ சொன்னா நீங்க கேளுங்க. சொல்ல மாட்டேன்னா, பாடம்னு நான் சொன்னதோட விட்டுருங்க. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் நான் சொல்ல மாட்டேன்.” பிறகு மேகலாவைப் பார்த்து, “உன் இஷ்டம்மா. சொல்லித்தான் ஆகணும்னு இல்லை” என்றேன்.

பக்கத்து வகுப்பில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏதோ ஒரு கவிதையைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரிகள் தெளிவாகக் கேட்கவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் சுவர் தாண்டி வந்தது. வெளியே வெயில் ஏறி மலை மங்கத் தொடங்கியிருந்தது. ஒரே கனவுக்குள் நாங்கள் மூவரும் மாட்டிக்கொண்டு, யார் முதலில் விழிப்பது என்று காத்திருந்தது போல இருந்தது.

“அக்காகிட்டச் சொல்றதுங்கப்பா” என்றாள் மேகலா.

அவர் அசையவில்லை.

“தலை கூடத் துவட்டாம ஈரத்தோட போயிட்டயேன்னு கேக்கறேன். உன்ற தட்டுலதான் நான் திருட்டுத்தனமாச் சாப்பிடறேன்னு சொல்றேன். பாயில உன்ற பக்கம் நான் படுக்கறதில்லைன்னு சொல்றேன். நம்ம ஊட்டுல உன்ற பேரை யாரும் சொல்றதில்லை, அதனால நான் இங்கிலீசுல வந்து சொல்றேன்னு...” மேலே முடியாமல் அழுதாள். அழுதுகொண்டே தலையைத் தூக்கி, “சரண்யா அக்கான்னு சொல்றேனுங்கப்பா” என்றாள்.

அவர் கை ஓங்கிவிடுமோ என்று நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிந்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்க அவருக்கு நேரமாயிற்று.

“மேடம்” என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. “அவளுக்கு இங்கிலீசு வராதுங்களே. பத்தாவதுலயே அதுலதான் தப்பி, மறுக்கா எழுதினா. இந்தப் புள்ள இப்படி இங்கிலீசுலயே சொல்லிட்டிருந்தா அவளுக்கு எப்படிங்க புரியும்?”

எனக்கும் மேகலாவுக்கும் அவர் என்ன சொல்கிறார் என்று பிடிபடவே சிறிது நேரமாயிற்று. அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, தடவித் தடவி எதையோ தேடி, மகளின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“தமிழ்ல ஒருக்கா சொல்லு சாமி, பதிஞ்சு அனுப்பிரலாம். அவ நம்பரு எங்கிட்ட இருக்குது.”

“எப்பருந்துங்கப்பா?”

“அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். உங்க சித்தப்பன் வாரதுக்குள்ள சொல்லி முடி.”

நான் போய் வாசலில் நின்றுகொண்டேன், வராந்தாவில் அவர் தம்பி வருகிறாரா என்று பார்ப்பதற்காக. துறைத்தலைவரின் வேலைகளில் அதுவும் ஒன்று என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் மேகலா சொல்லிக்கொண்டிருந்தாள். முழுவதும் என் காதில் விழவில்லை. விழுந்ததை இங்கே எழுத மாட்டேன். ஆங்கிலத்தில் இருந்ததைவிட நீளமாக இருந்தது. நடுவில் ஒருமுறை அப்பாவின் குரலும் ஏதோ சொன்னது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வராந்தாவின் கோடியில் வெள்ளை வேட்டி தெரிந்ததும் இருமினேன். நாங்கள் மூவரும் அவரவர் இடத்துக்கு வந்து சேர்வதற்கும் சித்தப்பா உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

“நீ கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கோணுமாண்ணா, வா” என்றவர் எங்கள் முகங்களைப் பார்த்து நின்றார். “என்னாச்சு? அர்த்தஞ் சொன்னாங்களா?”

அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். போன் இருந்த சட்டைப் பையின்மேல் கையை வைத்தபடி வாசலுக்கு நடந்தார்.

“சொன்னாங்க தம்பி” என்றார். “பாடந்தானாம். பரீச்சைக்கு வருமாம். புள்ள இருந்து எழுதிட்டு வரட்டும்.”